ஆழ நட்ட பாய்மரம்

"கவிழ்ந்தது எதுவாயினும் மூன்றே நிமிடங்களில் நிமிர்த்திவிடலாம், தோழர்களே. படகாயினும் சரி, குடும்பமாயினும் சரி, அரசாயினும் சரி. முறை ஒன்றுதான்."

செல்லதுரை இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. தஞ்சாவூரில், கல்லூரி விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், சாம்பார் முடிந்து ரசம் வருவதற்கு முந்தைய இடைவெளியில் பெஞ்சின் மேல் ஏறி நின்று சொன்னான். எழுபத்து மூன்றாம் வருஷம் அது. அப்போதெல்லாம் மேடைத் தமிழ் இல்லாமல் ரசம்கூடக் கேட்க முடியாது. கேட்டால் ஊற்றமாட்டார்கள்.

அவன் வரலாறு மூன்றாம் ஆண்டு. அதைவிட முக்கியம், தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் தலைமை மாணவன். கல்லூரிக்கும் கடலுக்கும் நடுவே ஐம்பது மைல். அந்தக் குறை தெரியாமலிருக்க அரசாங்கம் பதினாலு அடிப் பாய்ப்படகு ஒன்றைக் கூட்ஸ் வண்டியில் அனுப்பி வைத்திருந்தது. ஒரு பாய்மரம், இரண்டு பாய், இரண்டு பேர் உட்கார இடம். காற்று கொஞ்சம் முரண்டு பிடித்தால் கவிழும். கவிழ்ந்ததை நிமிர்த்தி, திரும்ப ஏறி, ஒன்றும் நடவாதது போல் ஓட்டிக்கொண்டு போவதுதான் பயிற்சியின் சாரம்.

பயிற்சிக்குப் பொறுப்பு வேதியியல் விரிவுரையாளர் குஞ்சிதபாதம். அதற்கென்று கொச்சிக்குப் போய் ஒன்றரை மாதம் இருந்துவிட்டு வந்தவர். திரும்பி வந்தபோது தண்ணீரைப் பற்றி அவரிடம் ஒரே ஒரு கருத்துதான் மிஞ்சியிருந்தது: அது ஆபத்தானது. அவருக்கு நீச்சல் தெரியாது. பெற்றவர்கள் நம்பி ஒப்படைத்த பிள்ளைகள் வேறு. ஆகவே நன்றாக யோசித்து ஓர் ஏற்பாடு செய்தார். ஆனி முதல் தை வரை வெண்ணாற்றில் தண்ணீர் ஓடும். அந்த மாதங்களில் கரும்பலகையில் பாடம். மேட்டூரை மூடி, ஆறு வற்றி, மாசி பிறந்து, மணல் நன்றாகக் காய்ந்த பிறகு செய்முறை.

காய்ந்த ஆற்றில் படகைப் பக்கவாட்டில் சாய்த்துப் போடுவார்கள். "கவிழ்ந்தோம்!" என்று கத்திக்கொண்டு செல்லதுரை மணலில் குதிப்பான். படகின் அடிவயிற்றிலிருந்து கத்தி போல நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று, விளிம்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்ப்பான். மறுபக்கத்தில் முதலாண்டு மாணவர் இருவர் பாய்மரத்தைத் தோளில் தாங்கித் தூக்குவார்கள். அவர்கள் கடலாக நடித்தார்கள். படகு நிமிரும். குஞ்சிதபாதம் கடிகாரத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார்: இரண்டு நிமிடம், ஐம்பது விநாடி. கடலாக நடித்தவர்களின் பெயர் பதிவேட்டில் ஏறவில்லை.

பயிற்சி ஏட்டில் ஏழு விதிகள் இருந்தன. படகை விட்டு விலகாதே, பற்றிக்கொண்டு காத்திரு, உதவி வரும் என்பது முதல் விதி. கூட வந்தவனைக் கூப்பிட்டு, உயிரோடு இருப்பதைச் சொல் என்பது இரண்டாவது. பாயை இழுத்துப் பிடித்த கயிறுகளை முதலில் தளர்த்து என்பது மூன்றாவது. மணலில் யாரும் அடித்துக்கொண்டு போவதில்லை; யாரும் சாவதில்லை; அழுக்காகும் என்று பாயை ஏற்றுவதே இல்லை. அதனால் இவற்றையெல்லாம் வாயால் ஒப்பித்துவிட்டு நேராக நடுப்பலகைக்குப் போய்விடுவார்கள்.

முதல் விதியைக் கேட்டாலே செல்லதுரைக்கு எரியும்.

"பிடிச்சிக்கிட்டுக் காத்திருக்கிறதுக்கு எதுக்குடா கடற்படை? அதை எங்கம்மா சொல்லிக் குடுக்கும். திங்கக்கிழமை ஆனா மனுவைப் பிடிச்சிக்கிட்டுத் தாலுக்கா ஆபீஸ் மரத்தடியில குந்தியிருக்கும். காலையில போற ஜனம், டவாலி வந்து வெரட்டுற வரைக்கும். இப்படியே மூணு வருசம். யாராவது ஒரு ஆளு எழுந்திரிச்சு நேரா உள்ள போயி, என்னாய்யா ஆச்சுன்னு கேட்டிருக்கா?"

அவன் படகில் ஜோடியாக வரும் ஹாஜா மைதீனிடம் மட்டும்தான் இப்படி அம்மாவையும் சேர்த்துச் சொல்வான். மற்றவர்களுக்கு அதையே எழுத்தில் கொடுத்திருந்தான். விடுதியின் கையெழுத்துப் பத்திரிகையில் 'அகில உலக மரத்தடிக் காத்திருப்போர் கழகம்: சட்டதிட்டங்கள்' என்று இரண்டு பக்கம். உறுப்பினர் ஆக நிழல் ஒன்றே தகுதி என்று தொடங்கும். விடுதியே படித்துச் சிரித்தது. ஹாஜா மைதீன் மட்டும், "உங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாதது நல்லதாப் போச்சு மச்சான்," என்றான்.

அந்த அம்மாவின் பெயர் அம்சம். கருவேலிமங்கலத்தில், வெட்டாற்றுக் கடைமடையில், பண்ணை இராஜாங்கத்தின் மண்ணில் போட்ட அறுபத்து மூன்று குடிசைகளில் ஒன்று அவளுடையது. புருஷன் ரெத்தினம் போய் நாலு வருஷம். சென்ற அறுவடையில் கூலி அரைப்படி கூட்டிக் கேட்டுக் கொடி பிடித்தவர்களில் அவளும் உண்டு. இராஜாங்கம் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. "என் மண்ணுல படுத்து எந்திரிச்சு எனக்கே கொடி புடிக்கிறீங்க. சரி. தை பொறந்ததும் வேற எடம் பாத்துக்குங்க," என்றார்.

நல்லவேளையாக ஒரு சட்டம் வந்திருந்தது. குடியிருப்பவனுக்கே மனை. அதன்படி எழுதிக்கொடுத்த மனுக்களுடன்தான் அம்சம் மூன்று வருஷம் மரத்தடியில் இருந்தாள். ஒருவழியாகக் கார்த்திகையில் செய்தி வந்தது: வியாழக்கிழமை அமைச்சரே கருவேலிமங்கலத்துக்கு வருகிறார், அறுபத்து மூன்று பட்டாவையும் தன் கையாலேயே தருகிறார். விழாவில் மாணவர்கள் ஏதேனும் சாகசம் செய்து காட்டினால் நன்றாயிருக்கும் என்று கல்லூரிக்கும் ஒரு கடிதம் வந்தது.

சாகசம் என்ற சொல்லைக் கேட்டதும் செல்லதுரை கையைத் தூக்கிவிட்டான்.

புதன்கிழமை படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். ஆற்றங்கரையில் பந்தல் கட்டு நடந்துகொண்டிருந்தது. தாசில்தார் நிகழ்ச்சி நிரலைக் காட்டினார். நாலாவது பட்டா வழங்கல். ஐந்தாவது படகு.

"நாலையும் அஞ்சையும் மாத்திடுங்க சார்," என்றான் செல்லதுரை.

"ஏன் தம்பி?"

"பட்டா கைக்கு வந்துட்டா ஜனம் நிக்காது சார். அவங்கவங்க வீட்டைப் பாக்க ஓடிடும். படகை யார் பாப்பா?"

உண்மைக் காரணம் அது அல்ல. அவன் மனத்தில் ஒரு படம் இருந்தது. நடுவில் அமைச்சர், வலப்பக்கம் பட்டாவோடு அம்மா, இடப்பக்கம், அப்போதுதான் கவிழ்ந்ததை நிமிர்த்திவிட்டு வந்த மகன், வெள்ளைச் சீருடையில் தண்ணீர் சொட்டச் சொட்ட. காய்ந்த சீருடையில் அந்தப் படம் எடுபடாது.

தாசில்தார் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு வெவரம் தெரியும்ல? பண்ணையோட வக்கீலு செவ்வாக்கிழமையே மெட்ராசுக்கு ரயிலேறிட்டாரு. கோர்ட்டுல தடை கேக்குறாங்க. நாளைக்கு இந்தக் காயிதம் ஒங்காளுங்க கைக்குப் போயிட்டா அப்புறம் புடுங்குறது லேசில்ல. போவலைன்னா, அப்புறம் என்னைக் கேக்காத."

"மூணே நிமிஷம் சார்."

"மூணு நிமிஷம்னா மெய்யாவே மூணு நிமிஷமா? இல்ல, மேடையில 'மூணே நிமிஷத்தில முடிச்சிக்கிறேன்'னு சொல்றாங்களே, அதுவா?"

"கடிகாரம் வெச்சுப் பாத்தது சார். ரெண்டு அம்பது."

"பதிவேட்டுலேயே இருக்கு," என்றார் குஞ்சிதபாதம்.

மணல் என்கிற சொல்லை யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை. தாசில்தார் பேனாவை எடுத்து நாலை ஐந்தாக்கினார்.

நாகூர்க்காரனான ஹாஜா மைதீன் அதற்குள் ஆற்றில் இறங்கிக் காலால் துழாவிவிட்டு வந்தான். கீழே ரெகுலேட்டரை அடைத்திருந்ததால் தண்ணீர் தேங்கி நின்றது.

"நடுவுல ஒரு ஆள் ஆழம்தாண்டா. கீழே பூராக் களி. கால் வெச்சா விடமாட்டேங்குது."

"இருக்கட்டுமே."

"பாய்மரம் இருபது அடி. கடல்ல கவுந்தா அது கீழ தொங்கறதுக்கு எடம் இருக்கும். இங்க எங்க போவும்?"

"அது கீழ போறதுக்குள்ள நிமித்திருவேன்."

"சரி. எதுக்கும் ஒரு கயித்தைக் கட்டி, கரையில பத்து பேரைப் புடிச்சிக்கிட்டு நிக்கச் சொல்லு."

"வெளியாள் கை பட்டா அதுக்குப் பேரு மீட்பு இல்லடா, பிச்சை," என்றான் செல்லதுரை. சொல்லிவிட்டு, அந்த வரியைக் கையெழுத்துப் பத்திரிகைக்காக மனத்தில் குறித்துக்கொண்டான்.

மறுநாள் பத்து மணிக்கு வரவேண்டிய அமைச்சர் பன்னிரண்டு பத்துக்கு வந்தார். முன்வரிசையில் இராஜாங்கம் உட்கார்ந்திருந்தார். தோளில் ஆளுங்கட்சிக் கரை போட்ட துண்டு. அவர் கட்சியில் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. இளநீர்கூட அவர் தோப்பிலிருந்துதான். அமைச்சர் குடித்துவிட்டு, நல்ல இனிப்பு என்று மனதாரச் சொன்னார்.

அமைச்சருக்கு அடுத்தபடி நாகப்பட்டினத்தில் ஒரு சுயமரியாதைத் திருமணம். அய்யர் கிடையாது, மந்திரம் கிடையாது, அமைச்சர்தான் நடத்திவைக்கிறார். ஆனால் ஒன்றரை மணிக்குள் தாலி ஏறிவிட வேண்டும் என்பதில் பெண்வீட்டார் உறுதியாக இருந்தார்கள். வியாழக்கிழமை ஒன்றரைக்கு மேல் என்ன இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கொள்கை முக்கியம்.

குடிசையில் பிறந்தவன் கோலோச்சுவான், குனிந்தவன் குன்றென நிமிர்வான் என்ற வகையில் அமைச்சர் இருபத்தைந்து நிமிடம் பேசினார். பேசி முடித்து, தாம்பாளத்தில் அடுக்கியிருந்த அறுபத்து மூன்று பட்டாக்களின் மேல் அன்போடு ஒருமுறை கையை வைத்தார். பிறகு எல்லோரும் ஆற்றுப் பக்கம் திரும்பினார்கள்.

வாடைக்காற்று நன்றாக வீசியது. வெள்ளைப் பாயுடன் படகு மேலும் கீழும் இரண்டு தடவை போய் வந்தது. கருவேலிமங்கலம் இதற்கு முன் அந்த ஆற்றில் வாழைமட்டையைத் தவிர எதுவும் மிதந்து பார்த்ததில்லை. கைதட்டல் விழுந்தது. பந்தலுக்கு நேரெதிரே வந்ததும் செல்லதுரை பாயை இறுக்கி இழுத்து, கையில் பிடித்திருக்க வேண்டிய கயிற்றைப் படகு விளிம்பிலிருந்த முளையில் சுற்றி முடிச்சுப் போட்டான். அமைச்சருக்குச் சல்யூட் அடிக்கக் கை வேண்டுமே. சல்யூட் அடித்தபடியே படகு சாய்ந்தது. அதுவரைக்கும் எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

பாய் தண்ணீரில் அறைந்து விழுந்தது. நனைந்த பாய் கனத்துக் கீழே இழுத்தது. காற்று படகின் வயிற்றைப் பிடித்துத் தள்ளியது. இரண்டும் சேர்ந்ததும் பாய்மரத்தின் நுனி, காவிரி எத்தனையோ நூறு வருஷமாகக் கொண்டுவந்து கடைமடையில் சேர்த்த களிக்குள் கடப்பாரை போல இறங்கியது.

செல்லதுரை நடுப்பலகையில் ஏறிச் சாய்ந்தான். படகு அசைந்தது. இன்னும் சாய்ந்தான். முனகியது. மூன்று நிமிடம் ஆனது. இந்தக் கடல் ஏட்டிலுள்ள கடலைப் போலவும் நடந்துகொள்ளவில்லை, முதலாண்டு மாணவர்களைப் போலவும் நடந்துகொள்ளவில்லை.

"சாயாதடா!" என்று தண்ணீரிலிருந்து ஹாஜா மைதீன் கத்தினான். "நீ உலுக்க உலுக்க உள்ள போவுது! மூக்கைக் காத்துப் பக்கம் திருப்பி மெல்ல உருவணும்!"

"எனக்குத் தெரியும், போடா!"

கரையிலிருந்த பெண்கள் வருஷா வருஷம் இடுப்பொடிய நாற்று நடுகிறவர்கள். அவர்களுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது.

"என்னாடி இது, அம்சம் மவன் தலைகீழா நட்டுட்டான்?"

"ஆழமால்ல நட்டுட்டான். ஆழ நட்டா தூர் கட்டாதுன்னு இவனுக்கு யாரும் சொல்லல போலருக்கு."

"காலேசுல அதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்கடி."

அம்சம் சிரிக்கவில்லை. "சும்மா இருங்கடி. அதுக்குன்னு ஒரு மொறை இருக்கு. அவன் எடுத்துடுவான்," என்றாள்.

ஏழாவது நிமிடம், செல்லதுரையின் சித்தப்பா முருகையன் வேட்டியை மடித்துக் கட்டினார். கூடவே பத்துப் பேர் ஆற்றோரம் வந்தார்கள். அந்தப் பத்துப் பேர் அப்போதே இறங்கியிருந்தால் மூன்று நிமிட வேலை.

"யாரும் எறங்காதீங்க!" என்று நடுப்பலகையிலிருந்து கத்தினான் செல்லதுரை. "வெளியாள் தொட்டா செல்லாது!"

"எதுடா செல்லாது?"

"தொடாதீங்க சித்தப்பா! தூரப் போங்க!"

முருகையன் தூரப் போகவில்லை, ஆனால் நின்றுவிட்டார். படித்த பிள்ளை சொல்கிறானே.

பந்தலில் அமைச்சரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் கைக்கடிகாரத்துக்குப் போய்வந்தது. தாசில்தார் அதைப் பார்த்துவிட்டார். பையன்கள் பாட்டுக்கு நிமிர்த்திக்கொண்டு இருக்கட்டும், நாம் பேரைக் கூப்பிடலாம் என்று, ஊர்க் கணக்கெழுதும் கர்ணத்துக்குச் சைகை காட்டினார். கர்ணம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மைக்கைத் தட்டினார்.

அந்த நேரத்தில்தான் செல்லதுரைக்கு மூன்றாம் விதி நினைவுக்கு வந்தது. கயிறு. முளையில் கட்டிய கயிறு பாயை விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை படகு வராது. நடுப்பலகையிலிருந்து சறுக்கித் தண்ணீரில் விழுந்து, மூச்சைப் பிடித்து முங்கி, படகின் மறுபக்கத்தில் எழுந்தான். கரையிலிருந்து பார்த்தால் படகின் வயிறு மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் தெரியாது. முடிச்சு நனைந்து ஊறி இறுகியிருந்தது. நகத்தால் முடியவில்லை. பல்லால் கடித்தான்.

"டேய், நான் இருக்கேன்! நீ இருக்கியா?" என்று எங்கிருந்தோ ஹாஜா மைதீன் கூப்பிட்டான். அது இரண்டாம் விதி. செல்லதுரை பதில் சொல்லவில்லை. வாயில் கயிறு இருந்தது.

"செல்லதுரை! டேய்! இருக்கியாடா?"

ஹாஜா மைதீனின் குரல் இரண்டாம் தடவை உடைந்திருந்தது. கரை முழுக்க அதைக் கேட்டது. வெள்ளைச் சட்டை விழுந்ததைப் பார்த்தவர்கள் அது மேலே வரவில்லை என்பதையும் பார்த்தார்கள்.

"அய்யோ, எம்புள்ள!"

அம்சம்தான் முதலில் இறங்கினாள். தனக்கு நீச்சல் தெரியுமா தெரியாதா என்று அவள் யோசிக்கவில்லை. அவளைப் பிடிக்க இரண்டு பேர் இறங்கினார்கள். முருகையன் குதித்தார். பிறகு யார் யாரைப் பிடிக்க இறங்கினார்கள் என்று சொல்ல முடியாதபடி, அறுபத்து மூன்று குடிசையும் ஆற்றுக்குள் இருந்தது.

கர்ணம் வாசித்தார். அகர வரிசைப்படி.

"அம்சம், கணவர் பெயர் ரெத்தினம்."

ஒலிபெருக்கி அக்கரை வரை கேட்டது.

"அம்சம், கணவர் பெயர் ரெத்தினம்... அம்சம்."

மூன்று முறை கூப்பிட வேண்டும் என்பது முறை. கூப்பிட்டுவிட்டு, நிமிர்ந்து பார்த்து, யாரும் இல்லாததால் பெயருக்கு நேரே எழுதினார்: ஆஜர் இல்லை. அடுத்தது ஆறுமுகம். ஆறுமுகம் கழுத்தளவு தண்ணீரில் படகைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஆஜர் இல்லை. இருளாயி. ஆஜர் இல்லை. தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நின்ற உதவியாளருக்குக் கை வலித்தது. அமைச்சர் முதல் பட்டாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, யாருக்கு நீட்டுவது என்று தெரியாமல், கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதைத் தாம்பாளத்திலேயே வைத்துவிட்டார்.

நாற்பது கை சேர்ந்து படகைப் பிடித்ததும் அது ஒரே மூச்சில் வந்தது. பாய்மரம் வரவில்லை, இரண்டாக முறிந்து, பாதி களியிலேயே நின்றுவிட்டது. மறுபக்கத்தில், வாயில் கயிற்றோடு, செல்லதுரை உயிருடனும் எரிச்சலுடனும் இருந்தான்.

"நான்தான் தொடாதீங்கன்னு சொன்னேன்ல?"

முருகையன் அவனை ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு தோளில் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தார்.

மைக்கில் அமைச்சரின் குரல் கேட்டது. ஒரு தம்பியின் உயிருக்காக ஊரே ஆற்றில் இறங்கியதைக் கண்டு தம் கண்கள் கலங்கிவிட்டதாகவும், இந்த ஒற்றுமை வாழ்க என்றும், பட்டாக்களைத் திங்கட்கிழமை தாலுக்கா ஆபீசில் பெற்றுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கார் கிளம்பியபோது மணி ஒன்று பத்து. தாலி நேரத்துக்கு ஏறியிருக்கும்.

குஞ்சிதபாதம் பதிவேட்டைத் திறந்தார். அவர் நேர்மையானவர். இருபத்திரண்டு நிமிடம் என்று எழுதி, அதன் கீழே 'வெளியார் உதவியுடன்' என்றும் எழுதினார்.

பந்தலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அம்சம் கரையில் உட்கார்ந்து முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். செல்லதுரை பக்கத்தில் வந்து நின்றான். சீருடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. படம் எடுக்கிறவர் போய்விட்டார்.

"கர்ணம் எம்பேரைக் கூப்புட்டாராமே தம்பி."

"ஆமாம்மா."

"தண்ணியில இருந்ததுல எனக்குக் காதுலயே விழல. ஒனக்கு விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா. மூணு தடவ."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ மேடையில நிக்கிறேன்னு நெனச்சேன்," என்றான். படகு நிமிர்வதற்குள் அம்மா பட்டாவை வாங்கிவிட்டால் படம் கெட்டுப்போகுமே என்று அப்போது கோபம் வந்ததை அவன் சொல்லவில்லை.

அம்சம் முந்தானையை உதறினாள். "சளி புடிக்கப்போவுது. தலையத் தொவட்டு," என்றாள்.

சனிக்கிழமை தடையாணை வந்துவிட்டது. பட்டா எதுவும் இன்னும் வழங்கப்படவில்லை என்பதற்கு வக்கீல் எங்கிருந்தோ கர்ணத்தின் பட்டியலுக்கு ஒரு நகல் வாங்கிச் சேர்த்திருந்தார். அறுபத்து மூன்று பெயர், அறுபத்து மூன்று 'ஆஜர் இல்லை'. அமைச்சரே நேரில் வந்து கூப்பிட்டும் வாங்க வராதவர்களுக்கு அப்படி என்ன அவசரம் என்று அவர் கேட்டாராம். வழக்கு முடிய எத்தனை வருஷமாகும் என்று யாருக்கும் தெரியாது. இராஜாங்கம் இப்போதும் கோபப்படவில்லை. பொங்கலை இங்கேயே வைத்துக்கொண்டு, மறுநாள் காலி செய்தால் போதும் என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். கரும்பும் அனுப்புவதாகச் சொன்னார்.

ஹாஜா மைதீன் கல்லூரிக்குக் கிளம்புமுன் குடிசைக்கு வந்தான். "ரயிலுக்கு நேரமாச்சு. வர்றியா?"

"நீ போ. நான் திங்கக்கிழமை போயி தாசில்தாரை நேராப் பாத்துட்டு வரேன். என்னா ஆச்சுன்னு கேக்காம விடமாட்டேன்."

ஹாஜா மைதீன் தன்னிடமிருந்த காய்ந்த சட்டை ஒன்றை வைத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை செல்லதுரை நேராக உள்ளேதான் போனான். டவாலி தடுக்கக்கூட இல்லை. தாசில்தார் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கும் இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை போலிருந்தது.

"நாலாவதா இருந்தது தம்பி," என்றார். "அஞ்சாவதா ஆக்குனது யாரு?"

ஒரு கட்டு வெள்ளைத்தாளை அவன் பக்கம் தள்ளினார்.

"ஒரு மனு எழுதிக் குடு. ஆஜர் ஆவாததுக்குக் காரணம் சொல்லி, ஆளுக்கு ஒன்னு. மேல அனுப்பி வெக்கிறேன். வேற ஒன்னும் என் கையில இல்ல. வெளியில இரு. கையெழுத்துக்குக் கூப்புடுவாங்க."

வெளியில் மரத்தடியில் ஊர் மொத்தமும் இருந்தது. செல்லதுரை மண்ணில் குந்தி, தொடையின் மேல் அட்டையை வைத்து எழுதத் தொடங்கினான். 'ஐயா, மேற்படி தேதியில் நான் ஆற்றில் இருந்தபடியால்...' அம்மாவுக்கு ஒன்று. ஆறுமுகத்துக்கு ஒன்று. இருளாயிக்கு ஒன்று. இருபதுக்கு மேல் வாசகம் தானாக வந்தது. மத்தியானம் வரை யாரும் கூப்பிடவில்லை. நிழல் நகர நகர எல்லோரும் நகர்ந்தார்கள். அவனும் நகர்ந்தான்.

மூன்று மணி சுமாருக்கு, எந்த ஊரோ, காளியம்மாள் என்று ஒருத்தி ஒற்றை மனுவோடு வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றாள். உள்ளே பார்த்தாள். மரத்தடியைப் பார்த்தாள். அவன் மட்டும்தான் படித்தவன் மாதிரி இருந்தான்.

"ஏன் தம்பி, இத எங்க குடுக்கறது? நேரா உள்ள போயி கேட்டுப்புடட்டுமா?"

செல்லதுரை அம்மாவின் பக்கம் ஒடுங்கி உட்கார்ந்து, வந்தவளுக்கு நிழலில் இடம் விட்டான்.

"உக்காருங்க," என்றான். "கூப்புடுவாங்க."